சேலம் கோடிங் சென்டர் ரிவ்யூ: ப்ரோலாங்ட் சர்வீஸ் க்ளாஸுக்காகவே சேரலாம்

சேலத்துல மெடிக்கல் கோடிங், அதாவது டாக்டர் பார்த்த வைத்தியத்தை பில்லுக்கான கோட் நம்பரா மாத்தற வேலை, படிக்கணும்னு தேடிட்டு இருக்கிறவங்க இந்த சென்டர்ல தாராளமா சேரலாங்க. குறையே இல்லைன்னு சொல்லமாட்டேன், அதையும் கீழ எழுதறேன், ஆனா நான் நாலு ஸ்டார் குடுக்கிறதுக்குக் காரணம் ஒண்ணுதான். டாக்டர் ஒரு பேஷண்ட்டுக்கு வழக்கத்தை விட ரொம்ப நேரம் செலவு பண்ணா அந்த நேரத்தை எப்படி எண்ணி, எந்த கோட் போட்டு, எந்த இன்சூரன்ஸுக்கு எப்படி அனுப்பறது, ப்ரோலாங்ட் சர்வீஸ்னு சொல்வாங்களே, அதை இவ்வளவு பொறுமையா சொல்லிக்குடுத்து நான் வேற எங்கயும் பார்க்கலை. மத்த இடத்துல அது பத்து நிமிஷ சமாச்சாரம், கோட் நம்பரை போர்டுல எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணிக்கோங்கன்னு போயிடறாங்க.

நான் இங்கயே ஒரு பில்லிங் கம்பெனில ஏஆர் காலிங் பார்க்கிறேன், நைட் ஷிஃப்ட். அமெரிக்கா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு இந்த க்ளெய்ம் ஏன் பணம் வரலை, ஏன் டினை பண்ணீங்க, என்ன குடுத்தா பாஸ் பண்ணுவீங்கன்னு கேட்டு எழுதறதுதான் வேலை. அங்க உக்காந்து பார்த்தா திரும்பத் திரும்ப ஒரே மாதிரி டினையல், அதாவது பணம் தரமுடியாதுங்கற பதில், வரும். டாக்டர் நிஜமாவே ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்து பார்த்திருப்பார், பேஷண்ட்டைப் பத்தி எழுதற நோட்லயும் நேரம் எழுதியிருப்பார், ஆனா கோடர் ப்ரோலாங்ட்டுக்கு 99417ன்னு கோட் போட்டு மெடிகேருக்கு, அதாவது அமெரிக்க அரசு முக்கியமா வயசானவங்களுக்கு நடத்தற இன்சூரன்ஸுக்கு, அனுப்பியிருப்பாங்க, மெடிகேர் அந்த கோடை எடுத்துக்கவே எடுத்துக்காது, அதுக்கு ஜி2212ன்னு தனியா ஒரு கோட் 2021 ஜனவரி 1லருந்து வச்சிருக்காங்க. சரி கோடை மாத்திப்போட்டு கரெக்டட் க்ளெய்ம் அனுப்பலாம்னு பார்த்தா பாதி க்ளெய்ம்ல நேரமே பத்தாது, ஏன்னா மெடிகேர் எண்ணற கணக்கே வேற. அந்தப் பக்கம் ரெப் நிதானமா டினையல் காரணத்தைப் படிப்பாங்க, இந்தப் பக்கம் எங்களுக்கு அது ஏன்னு புரியாது, கால் ரெஃபரன்ஸ் நம்பரை வாங்கிட்டு போனை வச்சிடுவோம். காலிங்லயே எத்தனை வருஷம்தான் ஓட்டறது, கோடிங் பக்கம் போயிடலாம்னு நான் படிக்க வந்ததுக்கு அதுதான் காரணம்.

இங்க சேர்றதுக்கு முன்னாடி ஊருக்குள்ளயே இன்னொரு இடத்துல டெமோ க்ளாஸ் உக்காந்தேன், பேர் வேண்டாம். அங்க 99354, 99355ன்னு எழுதிப்போட்டு இதுதான் ப்ரோலாங்ட் கோட்னு நடத்தினாங்க. அந்த கோடெல்லாம் 2023 ஜனவரி 1லருந்து, கோட் நம்பரெல்லாம் போட்டிருக்கிற சிபிடி புக்லயே கிடையாது, 99354லருந்து 99357 வரைக்கும் மொத்தமா எடுத்துட்டாங்க. பழைய மெட்டீரியலை ஜெராக்ஸ் எடுத்து அதையே வருஷா வருஷம் ஓட்டறாங்க, பாவம் அங்க உக்காந்திருந்த பசங்க, பாதிப்பேர் வாழப்பாடி, ஆத்தூர் பக்கம்லருந்து பஸ் புடிச்சு வந்தவங்க, அப்பா அம்மா நகை அடகு வச்சு ஃபீஸ் கட்டறவங்களும் அதுல இருப்பாங்க, அவங்களுக்குப் போய் இல்லாத கோடை சொல்லிக்குடுக்கிறாங்களேன்னு எனக்கு மனசு கேக்கலை.

சரி இந்த சென்டருக்கு வரேன். ஃபைவ் ரோடுலருந்து நடக்கற தூரம்தான், நியூ பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலும் ஷேர் ஆட்டோ கிடைக்கும். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாரநாள் பேட்ச் ஒண்ணு, சனி ஞாயிறு பேட்ச் ஒண்ணு. நான் வேலைக்குப் போறதால வீக்எண்ட் பேட்ச். சொல்லிக்குடுக்கிற மேடம் நர்ஸிங் படிச்சு, ரொம்ப வருஷம் கோடிங் பண்ணி, அப்புறம் ஆடிட்டரா இருந்தவங்க. அது க்ளாஸ்ல நல்லாவே தெரியும், ஒரு நோட்டைக் குடுத்தா நாம கோடைத் தேடுவோம், அவங்க முதல்ல நோட்ல என்ன எழுதாம விட்டிருக்குன்னு பார்ப்பாங்க.

ப்ரோலாங்ட் க்ளாஸ் ஆரம்பிக்கும்போது அவங்க கோட் நம்பரே எழுதலை. "உங்க வீட்ல யாரையாவது இங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கீங்களாப்பா, அஞ்சு நிமிஷம் பார்த்தாலும் அரை மணி நேரம் பார்த்தாலும் ஃபீஸ் ஒண்ணுதானே?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் ஆமாம் மேடம்னோம். நம்ம ஊர்ல டோக்கன் வாங்கி, ஃபீஸ் கட்டி, உள்ள போயிட்டு வர்றோம், டாக்டர் எத்தனை நிமிஷம் பார்த்தார்னு யாரும் எண்றதில்லை. அமெரிக்காவுல அந்த நிமிஷம்தான் காசு, அதனால அந்த நிமிஷத்தை எழுதி வைக்கணும், எழுதினதை ஒருத்தர் கோடா மாத்தணும், மாத்தினதை இன்னொருத்தர் சரி பார்க்கணும். நமக்குப் பழக்கமே இல்லாத விஷயம் இதுங்கறதாலதான் நம்ம பசங்க இதுல தடுமாறறாங்கன்னு சொல்லிட்டுத்தான் பாடத்துக்கே போனாங்க. எனக்கு அந்த ஆரம்பம் ரொம்பப் பிடிச்சுது, ஏன்னா நான் கம்பெனில சேர்ந்தப்ப யாரும் எங்களுக்கு இதைச் சொல்லலை.

அப்புறம் போர்டுல நீளமா ஒரு கோடு போட்டாங்க. பழைய பேஷண்ட், அதாவது ஏற்கனவே அந்த டாக்டர்கிட்ட பார்த்துட்டு இருக்கிறவர், அவருக்கு ஆபீஸ் விசிட்ல மேல் லெவல் 99215. அது 40 நிமிஷத்துல ஆரம்பிக்குது. கோட்டுல 40ன்னு ஒரு புள்ளி. 2023 வரைக்கும் புக்ல 40லருந்து 54 வரைக்கும்னு போட்டிருந்தாங்க, அதனால 54ல இன்னொரு புள்ளி. 2024லருந்து அந்த ரேஞ்சை எடுத்துட்டு 40 நிமிஷம் ஆகியிருக்கணும், அவ்வளவுதான்னு மாத்திட்டாங்க. இப்ப ப்ரோலாங்ட் கோட் ஒண்ணு போடணும்னா 15 நிமிஷம் கூடுதலா ஆகியிருக்கணும். எதுலருந்து 15? இங்கதான் சண்டை. சிபிடி புக்கை வெளியிடற ஏஎம்ஏ, அதாவது அமெரிக்க டாக்டர்கள் சங்கம், 40லருந்து எண்ணுது, 40ம் 15ம் 55, அதனால 55 நிமிஷம் ஆனாலே 99417 ஒரு யூனிட். மெடிகேரை நடத்துற சிஎம்எஸ் 54லருந்து எண்ணுது, 54ம் 15ம் 69, அதனால 69 நிமிஷம் ஆனாத்தான் ஜி2212 ஒரு யூனிட். 55ஐ பச்சை மார்க்கர்ல வட்டம் போட்டாங்க, 69ஐ சிவப்புல. நடுவுல இருக்கிற அந்த இடத்தைத் தட்டிக்காட்டி, "உங்க டினையல் எல்லாம் இங்கதாம்மா இருக்கு"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னாங்க. வேலைல நான் பார்த்த க்ளெய்ம் அத்தனையும் கண்ணு முன்னாடி வந்துபோச்சு.

புது பேஷண்ட்டுக்கும் இதே கதைதான், 99205 60 நிமிஷம், சிபிடி கணக்குல 75லருந்து 99417, மெடிகேர் கணக்குல 89லருந்து ஜி2212. அடுத்தடுத்த ஒவ்வொரு 15 நிமிஷம் முழுசா ஆனா இன்னொரு யூனிட், 14 நிமிஷம் ஆனாலும் கிடையாது. இந்த நம்பரை யார் வேணா சொல்லிடலாம். இவங்க எங்கே வித்தியாசப்படறாங்கன்னா, மூணு விஷயத்தை நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கச் சொல்லிப் பழக்கிட்டாங்க. இந்த விசிட்டோட லெவலை நேரத்தை வச்சு எடுத்தியா இல்லை எம்டிஎம் வச்சு எடுத்தியா? எம்டிஎம் வச்சு, அதாவது டாக்டர் எவ்வளவு சிக்கலான முடிவு எடுத்தாருங்கறதை வச்சு 99215 போட்டிருந்தா ப்ரோலாங்ட் பேச்சே இல்லை, நேரத்தை வச்சு எடுத்திருந்தாத்தான். ரெண்டாவது, மேல் லெவலா? ஒரு படி கீழ இருக்கிற 99214 போட்டுட்டு கூட 99417 ஒட்ட முடியாது. மூணாவது, யாரோட நேரம்?

இந்த மூணாவதுலதான் ஒரு முழு மத்தியானம் போச்சு, போனது வீண் இல்லை. ஒரு நோட் குடுத்தாங்க, நிஜ பேஷண்ட்டோடது இல்லை, க்ளாஸுக்காக அவங்களே தயார் பண்ணது. சுகர், கிட்னி பிரச்சினை, மூச்சு வாங்குதுன்னு வந்த வயசான பழைய பேஷண்ட். நோட்டோட கடைசில இன்னிக்கு இந்த விசிட்டுக்கு மொத்தம் 78 நிமிஷம்னு இருக்கு. எல்லாரும் டக்குனு 78ஐ எடுத்தோம். ஆஹா, சிபிடி கணக்குல 70 தாண்டிடுச்சு, அப்ப 99417 ரெண்டு யூனிட், மெடிகேர்னா 69 தாண்டிடுச்சு, ஜி2212 ஒரு யூனிட்னு பக்கத்துல இருந்த தம்பி கையைத் தூக்கிட்டான். மேடம் ஒண்ணும் சொல்லாம திரும்பப் படிங்கன்னாங்க. நடுவுல ஒரு வரி, அந்த 78ல நர்ஸ் ப்ரஷர் பார்த்து, மாத்திரை லிஸ்ட் சரிபார்த்த 6 நிமிஷமும் சேர்ந்திருக்கு. அது டாக்டர் நேரம் இல்லை, கழிக்கணும். இன்னும் கீழ ஒரு வரி, இசிஜி எடுத்து டாக்டரே படிச்சு ரிப்போர்ட் எழுதியிருக்கார், 9 நிமிஷம், அதுக்கு 93000ன்னு தனியா பில் போகுது. தனியா காசு கேக்கிற வேலையோட நேரத்தை இங்கயும் சேர்த்தா ஒரே நேரத்துக்கு ரெண்டு தடவை காசு கேட்ட மாதிரி, அதையும் கழிக்கணும். 78ல 15 போனா 63. இப்ப பாருங்க, சிபிடி கணக்குப்படி போற தனியார் இன்சூரன்ஸா இருந்தா 99215 கூட 99417 ஒரே யூனிட். மெடிகேரா இருந்தா வெறும் 99215 மட்டும், ஜி2212 கிடையவே கிடையாது.

ஒரே பக்க நோட், ரெண்டு வரி கவனிக்கலைன்னா ஒரு யூனிட் அதிகமாப் போகுது. அதிகமாப் போட்டா என்ன ஆகும்னும் பயமுறுத்தாம சொன்னாங்க, இன்னிக்கு பணம் வந்துடும், நாளைக்கு ஆடிட்ல புடிச்சு திரும்பக் கேப்பாங்க, தெரிஞ்சே திரும்பத் திரும்ப பண்ணா அங்க ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு, டாக்டர் மேலயே கேஸ் வரும். கம்மியாப் போட்டா டாக்டர் நிஜமா உழைச்ச நேரத்துக்குக் காசு கிடைக்காது. ரெண்டும் தப்புதான், கோடருக்கு ரெண்டுலயும் பங்கு இருக்குன்னு அழுத்திச் சொன்னாங்க.

அப்புறம் எந்த நேரம் சேரும்னு ஒரு லிஸ்ட் போடாம எங்களையே வாதம் பண்ணவிட்டாங்க. பேஷண்ட் வர்றதுக்கு முன்னாடி டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் படிச்சா சேருமா? அதே நாள்னா சேரும். நேர்ல பேசினது, பரிசோதிச்சது, வீட்டு ஆளுங்களுக்கு விளக்கினது, மருந்து டெஸ்ட் எழுதினது, வேற டாக்டர்கிட்ட பேசினது, எல்லாம் சேரும். நேரம் தொடர்ச்சியா இருக்கணும்னுகூட இல்லை. ராத்திரி வீட்ல உக்காந்து நோட் டைப் பண்ணா? தேதி மாறாத வரைக்கும் சேரும், அடுத்த நாள் காலைல டைப் பண்ணா சேராது. இதை ஓமலூர்லருந்து வர்ற அக்கா ஒருத்தங்க நம்பவே இல்லை, ரெண்டும் அதே வேலைதானே மேடம்னு விடாம கேட்டாங்க, மேடமும் சலிக்காம புக்கைத் திறந்து அந்த வரியை எடுத்துக் காமிச்சாங்க, விசிட் நடந்த தேதில டாக்டர் செலவு பண்ண மொத்த நேரம்னுதான் இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து ஒரே பேஷண்ட்டைப் பார்த்துப் பேசினா ஒருத்தரோட நேரம்தான். காரோட்டிப் போன நேரம் சேராது. கேள்வி கேட்டா கோவப்படாத டீச்சர் கிடைக்கிறது பெரிய விஷயங்க, அதுவும் ஃபீஸ் கட்டிட்டு பயந்து பயந்து உக்காந்திருக்கிற முதல் தலைமுறை பசங்களுக்கு.

இன்னொண்ணு, ஜி2211ம் ஜி2212ம் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க நிறைய, நம்பர் பக்கத்துப் பக்கத்துல இருக்குல்ல. ஜி2211க்கு நேரத்தோட சம்பந்தமே இல்லை, ஒரு பேஷண்ட்டை டாக்டர் தொடர்ந்து பார்த்துக்கிற பொறுப்புக்காக மெடிகேர் 2024லருந்து குடுக்கிறது. அதையும் பக்கத்துல வச்சே நடத்தினாங்க, அதனால குழப்பம் வரலை. இன்டென்ஸிவ் கேர்லயும் இதே மாதிரி ஒரு இழுபறி இருக்குன்னு காமிச்சாங்க, க்ரிட்டிக்கல் கேர் 99291 30லருந்து 74 நிமிஷம், அடுத்த 99292 சிபிடி கணக்குல 75லயே வந்துடும், மெடிகேர்ல 104 ஆகணும். 55க்கும் 69க்கும் நடுவுல பார்த்த அதே யோசனைதான் இங்கயும், முழு நேரம் முடிஞ்சப்புறம்தான் அடுத்த கோட்னு மெடிகேர் சொல்லுது. ஒண்ணு புரிஞ்சதும் இன்னொண்ணு தானா புரிஞ்சுது.

இப்ப குறை. ஆஸ்பத்திரில அட்மிட் ஆன பேஷண்ட்டுக்கான ப்ரோலாங்ட், 99418, மெடிகேருக்கு ஜி0316, நர்ஸிங் ஹோம்க்கு ஜி0317, வீட்டுக்குப் போய் பார்த்தா ஜி0318, இதெல்லாம் 2023ல வந்த கோட். இதை அரை மணி நேரத்துல முடிச்சிட்டாங்க. ஆபீஸ் விசிட்டுக்குக் குடுத்த நேரத்துல பாதியாவது இதுக்கும் குடுத்திருக்கணும். இங்க இருக்கிற கம்பெனிகள்ல இன்பேஷண்ட் வேலையும் வருது, இன்டர்வியூல கேக்கிறாங்க. கேட்டப்ப அட்வான்ஸ்டு பேட்ச்ல வரும்னாங்க, அதுக்குத் தனி ஃபீஸ். இது சரியில்லை, அடிப்படை கோர்ஸ்லயே இருக்க வேண்டிய விஷயம் இது.

ரெண்டாவது, புக். சிபிடி புக் வருஷா வருஷம் மாறும், விலையும் அதிகம், எல்லாரும் வாங்க முடியாது. சென்டர்ல இந்த வருஷ புக் கைவிட்டு எண்ற அளவுக்குத்தான் இருக்கு, மூணு பேருக்கு ஒண்ணுன்னு தள்ளித்தள்ளி பார்க்கணும். கோடர் சர்ட்டிஃபிகேட்டுக்கான சிபிசி எக்ஸாம் புக்கைத் திறந்து வச்சு எழுதற எக்ஸாம், 100 கேள்வி, 4 மணி நேரம், 70 பர்சன்ட் வாங்கினாத்தான் பாஸ். புக்ல எந்தப் பக்கத்துல எது இருக்குன்னு கைக்குப் பழகலைன்னா நேரம் பத்தாது. அதனால சேர்றவங்க ரெண்டு மூணு பேர் சேர்ந்தாவது ஒரு புக் வாங்கிடுங்க, பழைய வருஷ புக் கம்மி விலைக்குக் கிடைக்குதுன்னு வாங்காதீங்க, மேல சொன்ன 99354 கதைதான் ஆகும்.

மூணாவது கீழ மாட்டியிருக்கிற ப்ளெக்ஸ். நூறு சதவீதம் ப்ளேஸ்மென்ட்னு பெருசா போட்டிருக்காங்க. உள்ள அப்படி இல்லை. இன்டர்வியூ இருக்கிற இடம் சொல்றாங்க, ரெஸ்யூம் பார்த்துக் குடுக்கிறாங்க, மாக் இன்டர்வியூ வைக்கிறாங்க, அதெல்லாம் நல்லாத்தான் பண்றாங்க, என் பேட்ச்ல சிலருக்கு சேலத்துலயே கிடைச்சுது, சிலர் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போனாங்க, சிலர் இன்னும் தேடிட்டு இருக்காங்க. மேடம்கிட்டயே நேரா சொன்னேன், அந்த ப்ளெக்ஸை எடுத்துடுங்க மேடம், நீங்க நடத்தற பாடத்துக்கு அது தேவையே இல்லைன்னு. ஓனர்கிட்ட சொல்றேன்மான்னாங்க. இன்னும் எடுக்கலை. பி.எஸ்சி முடிச்ச பொண்ணுங்க வீட்ல சண்டை போட்டு வேலை கிடைச்சிடும்னு சொல்லி பணம் வாங்கிட்டு வர்றாங்க, அவங்களுக்கு அந்த வரி வெறும் விளம்பரம் இல்லை, வாக்கு.

ஃபீஸ் எனக்கு 18 ஆயிரம், ரெண்டு தவணையா வாங்கினாங்க, எக்ஸாம் ஃபீஸ் அதுல சேராது, அது சிபிசி எக்ஸாமை நடத்தற, அமெரிக்காவுல இருக்கிற ஏஏபிசிக்கு நாமளே நேரா கட்டறது. ரசீது குடுக்கிறாங்க. நடுவுல ஒரு மாசம் எனக்கு ஷிஃப்ட் மாறினப்ப வாரநாள் பேட்ச்ல உக்காந்துக்கோங்கன்னு கூட காசு கேக்காம விட்டாங்க. ஏற்காட்லருந்து ஒரு பொண்ணு வருது, சாயங்கால பஸ்ஸை விட்டா மலை ஏற சிரமம், அது ஒருத்திக்காக டெஸ்டை முன்னாடியே வச்சு அனுப்பிடுவாங்க. ஒரு நாள் மலைல மழை, பனி, பஸ் லேட், அந்தப் பொண்ணு வந்து சேர்றதுக்குள்ள பாதி பாடம் போயிடுச்சு, மத்தியானம் சாப்பிடற நேரத்துல மேடம் டிபன் பாக்ஸைப் பக்கத்துல வச்சுக்கிட்டே மறுபடி அந்தக் கோட்டை போர்டுல போட்டு 40, 54, 55, 69ன்னு முதல்லருந்து சொல்லிக்குடுத்தாங்க. நாங்க கீழ போய் தட்டுவடை செட் சாப்பிட்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அதே போர்டு முன்னாடிதான் நின்னுட்டு இருந்தாங்க.

வேலைல எனக்கு என்ன மாறிச்சுன்னு கேட்டீங்கன்னா, இன்னும் காலிங்லதான் இருக்கேன், கோடிங்க்கு மாத்தச் சொல்லி கேட்டிருக்கேன், எக்ஸாம் எழுதப்போறேன். ஆனா ப்ரோலாங்ட் டினையல் வந்தா இப்ப போன் போடறதுக்கு முன்னாடியே நோட்டைத் திறந்து பார்க்கிறேன். பேயர் யாரு, மெடிகேரா, தனியாரா, தனியார்னா அவங்க பாலிசில எந்தக் கணக்கு, ஏன்னா தனியார்லயும் சிலர் மெடிகேர் மாதிரியே போறாங்க. நேரத்தை டாக்டர் மொத்தமா எழுதியிருக்காரா, வெறுமனே ரொம்ப நேரம் பேசினோம்னு எழுதியிருக்காரா, அப்படி எழுதினா எவ்வளவு அப்பீல் பண்ணாலும் நிக்காது. நிமிஷம் பத்தலைன்னா ரெப்கிட்ட வாதாடி நேரத்தை வீணாக்காம கோடிங் டீமுக்கு திருப்பிடறேன். நிமிஷம் இருந்து கோட் மட்டும் தப்புன்னா கரெக்டட் க்ளெய்ம், மெடிகேருக்கு விசிட் தேதிலருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயாகணும். முன்னாடி ஒரே க்ளெய்முக்கு நாலு பேர் மாத்தி மாத்தி போன் போட்டு நோட்ஸ் எழுதி வச்சிருப்போம், அந்த அலைச்சல் என் லிஸ்ட்ல கணிசமா குறைஞ்சிருக்கு, டீம் லீடே இதை என்னன்னு கேட்டு மத்தவங்களுக்கும் சொல்லச் சொன்னார்.

யாருக்கு இந்த சென்டர் சரிப்படும்னா, நர்ஸிங், பார்மஸி, பிசியோ, மைக்ரோபயாலஜி, பயோடெக் மாதிரி படிச்சிட்டு உடம்பு பத்தின பாடம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கும், ஏற்கனவே பில்லிங்ல இருக்கிறவங்களுக்கும் நல்லா செட் ஆகும். பி.காம், பி.ஏ படிச்சவங்களும் என் பேட்ச்ல இருந்தாங்க, முடியாததில்லை, ஆனா அனாடமி க்ளாஸ் இங்க வேகமா ஓடும், அதுக்கு வீட்ல தனியா உக்காரணும். இங்கிலீஷ் சரளமா வராதுன்னு பயப்படறவங்க பயப்பட வேண்டாம், பாடம் தமிழ்லயே நடக்குது, நோட்டைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற அளவுக்கு இங்கிலீஷ் இருந்தா போதும். ஒரு மாசத்துல கோர்ஸ் முடிச்சு வேலைக்குப் போகணும்னு அவசரத்துல இருக்கிறவங்களுக்கு இது ஒத்துவராது, மேடம் ஒரு பாடம் எல்லாருக்கும் புரியாம அடுத்ததுக்குப் போகமாட்டாங்க, அதனால பேட்ச் சொன்ன தேதிக்கு முடியறதில்லை.

எங்க டெமோ க்ளாஸ் போனாலும், இங்கயே போனாலும் சரி, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பழைய பேஷண்ட், டாக்டர் நேரம் மட்டும் 60 நிமிஷம், நேரத்தை வச்சுத்தான் லெவல் எடுத்திருக்கு, என்ன கோட் போடுவீங்கன்னு. யோசிக்காம ஒரே பதில் சொன்னாங்கன்னா எழுந்து வந்துடுங்க. இன்சூரன்ஸ் எதுன்னு திருப்பிக் கேட்டாங்கன்னா உக்காந்து மீதியைக் கேளுங்க. இங்க டெமோ ஞாயித்துக்கிழமை காலைல நடக்கும், காசு கிடையாது, கீழ வண்டி விட இடம் கம்மி, கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க.